கம்பி தடித்தும் கொக்கி ஏன் முறிகிறது?

கேள்வி: மதுரை செல்லூரில் 4 பவர்லூம் தறி ஓட்டுகிறேன். நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கிங் ஸ்டிக்கைத் திரும்ப இழுக்கும் டென்ஷன் ஸ்பிரிங் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை கொக்கியில் முறிகிறது. 2 மி.மீ. கம்பிக்குப் பதில் 2.5 மி.மீ. கம்பியில் அதே அளவுக்குச் சுற்றி வாங்கிப் போட்டேன். அது மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. 'டிராபார் ஸ்பிரிங் போடுங்க, முறியவே முறியாது' என்கிறார் கடைக்காரர். வீட்டு ஊஞ்சலுக்கும் அதையே மாட்டலாமாம். போடலாமா சார்?

பதில்: ஊஞ்சலுக்குப் போடுங்கள். தறிக்கு வேண்டாம்.

முதலில் ஒரு கணக்கு. உங்கள் தறி நிமிடத்துக்கு 120 தடவை நாடாவை அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்து ஸ்டிக் ஒன்றுவிட்டு ஒன்றுதான் அடிக்கும். அதாவது நிமிடத்துக்கு 60. பத்து மணி நேர ஓட்டத்துக்கு 36,000. வாரம் ஆறு நாள் வைத்தால், ஆறு வாரத்தில் சுமார் 13 லட்சம் தடவை அந்த ஸ்பிரிங் நீண்டு சுருங்கியிருக்கிறது. அதை மட்டமான சரக்கு என்று திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இதே வேலையை இதைவிடப் பல மடங்கு காலம் செய்யவைக்க முடியும்.

தடித்த கம்பி ஏன் சீக்கிரம் போனது? உங்கள் ஸ்டிக் நகரும் தூரம் மாறவில்லை. மெலிந்த ஸ்பிரிங்கோ தடித்த ஸ்பிரிங்கோ, அதே தூரத்துக்கு நீண்டே ஆக வேண்டும். கட்டுக்கம்பியைச் சுண்டுவிரலில் சுற்றிவிடலாம், 8 மி.மீ. முறுக்குக் கம்பியைச் சுற்ற முடியுமா? ஒரே அளவு வளைவு என்றால் தடித்த கம்பியின் வெளித்தோலுக்குத்தான் சிரமம் அதிகம். ஸ்பிரிங்கிலும் அதே கதைதான். போதாததற்கு, 60 மி.மீ. நீளத்தில் 2 மி.மீ. கம்பி 30 சுற்று பிடிக்கும், 2.5 மி.மீ. கம்பி 24 சுற்றுதான் பிடிக்கும். சுற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றும் கூடுதலாக நீள வேண்டும். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவது. வெளிவிட்டம் 16 மி.மீ. என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன்: விறைப்பு மூன்று மடங்கைத் தாண்டுகிறது, கம்பிக்குள் உண்டாகும் அழுத்தமும் ஒன்றரை மடங்குக்கு மேல் போகிறது. ஸ்டிக் கனமாக இழுப்பதைக் கையிலேயே உணர்ந்திருப்பீர்கள்.

ஆகவே பழைய 2 மி.மீ. கம்பிக்கே திரும்புங்கள், சுற்றை மட்டும் கூட்டுங்கள். இடம் இருந்தால் 30 சுற்றை 40 ஆக்கி, ஸ்பிரிங் மாட்டும் முளையை அந்த நீளத்துக்குத் தள்ளி வைத்தால் அழுத்தம் கால்வாசி இறங்கும். இழுப்பும் கொஞ்சம் குறையும். அதனால் ஒரு தறியில் மட்டும் போட்டு, ஸ்டிக் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

அடுத்தது கொக்கி. டென்ஷன் ஸ்பிரிங் பெரும்பாலும் உடலில் முறியாது. சுருள் முடிந்து கொக்கி எழும்பும் அந்த வளைவில்தான் முறியும். உடல் முறுக்கை மட்டும் தாங்கினால் போதும், அந்த வளைவு முறுக்கு, மடிப்பு இரண்டையும் தாங்க வேண்டும். பட்டறையில் இடுக்கியால் வெடுக்கென்று மடித்தால் உள்பக்கம் ஒரு கீறல் விழும். 13 லட்சம் இழுப்பில் அந்தக் கீறல் போதும். வளைவின் ஆரம் கம்பி விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும் என்று சொல்லி வாங்குங்கள். இன்னும் நல்லது, கடைசி இரண்டு மூன்று சுற்றைக் கூம்பாகக் குறுக்கி, தனியாக ஒரு சுழல் கொக்கியை உள்ளே விடுவது. விலை ஏறும், ஆனால் முறிகிற இடமே அங்கே இருக்காது.

கொக்கி மாட்டும் ஓட்டையையும் தடவிப் பாருங்கள். பட்டைத் தகட்டில் துளை போட்டு அப்படியே விட்டிருந்தால் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அரம் வைத்து உருட்டுங்கள். உருண்டை முளையே வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. இரண்டு முனைக் கொக்கியும் ஒரே நேரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு இழுப்பிலும் ஸ்பிரிங் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும்.

முறிந்த ஸ்பிரிங்கை கேஸ் கட்டரில் பழுக்கக் காய்ச்சிப் புதுக் கொக்கி வளைக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சூடு பட்ட இடத்தில் கம்பியின் பதம் போய்விடும். ஒன்று கொக்கி விரியும், இல்லையென்றால் பக்கத்திலேயே மறுபடி முறியும். முலாமிலும் கவனம் தேவை. கப்பலூரில் வேலை பார்த்த நாளில் பளபளவென்று ஜிங்க் பூசிய ஸ்பிரிங் ஒரு பெட்டி வாங்கி வந்தேன். மாட்டிய மறுநாளே நாலைந்து முறிந்து கிடந்தன. முலாம் பூசும்போது இரும்புக்குள் ஹைட்ரஜன் ஏறிக் கம்பியை நொறுங்கலாக்கிவிடும். பூசிய சில மணி நேரத்துக்குள் 190, 200 டிகிரியில் வைத்து எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். உங்களுக்கு எண்ணெய் தடவிய கறுப்புக் கம்பியே போதும். ஐ.எஸ். 4454 என்ற இந்தியத் தரத்தில், அடிக்கடி நீண்டு சுருங்கும் வேலைக்கு உரிய கம்பி என்று கேளுங்கள்.

சுற்றக் கொடுக்கும் முன் நல்ல ஸ்பிரிங் ஒன்றை உத்திரத்தில் தொங்கவிட்டு, 5 கிலோ, 10 கிலோ என்று எடை மாட்டி நீளத்தை அளந்துகொள்ளுங்கள். 5 கிலோவுக்கு 8 மி.மீ., 10 கிலோவுக்கு 33 மி.மீ. நீண்டால், 25 மி.மீ.க்கு 5 கிலோ. மில்லிமீட்டருக்கு 200 கிராம். முதல் 8 மி.மீ.க்கு 1.6 கிலோதான் போயிருக்கும். மீதி 3.4 கிலோ, சுருள்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருப்பதை விலக்கவே செலவானது. மாதிரி ஸ்பிரிங்கை மட்டும் நீட்டி 'இதே மாதிரி' என்றால் இந்த 3.4 கிலோ பெரும்பாலும் தவறிப்போகும்.

சரி, டிராபார். பார்த்தால் டென்ஷன் ஸ்பிரிங் மாதிரி இழுக்கிறது. உள்ளே இருப்பது கம்ப்ரஷன் ஸ்பிரிங், அதாவது அமுங்கி வேலை செய்வது. நீளமான இரண்டு கம்பி வளையங்கள் எதிரெதிர் முனையிலிருந்து நுழைந்து, ஒவ்வொன்றும் தான் நுழைந்த முனைக்கு எதிர்க் கோடியைப் பிடித்திருக்கும். இழுத்தால் சுருள் அமுங்கும், முழுக்க அமுங்கியதும் நின்றுவிடும். சுருளே முறிந்தாலும் வளையங்கள் அதைப் பிடித்துக்கொள்ளும், தொங்குவது விழாது. 'முறியவே முறியாது' என்று கடைக்காரர் சொன்னதில் இவ்வளவுதான் உண்மை. கனம் அதிகம், வளையங்கள் உரசும். நிமிடத்துக்கு 60 தடவை ஓட அது ஆகாது.

ஊஞ்சலில் ஆள் உட்காருகிறார், கீழே குழந்தை தவழும். அங்கே கொக்கி போட்ட டென்ஷன் ஸ்பிரிங்கை நான் ஒப்பமாட்டேன், டிராபார்தான். பலகை 30 கிலோ, பெரியவர் இருவர் 150 கிலோ என்றால் இரண்டு தொங்கலுக்கும் தலா 90. தொப்பென்று உட்கார்ந்தால் அது இரட்டிக்கும். ஆகவே ஒவ்வொன்றும் 180 கிலோவிலும் முழுக்க அமுங்காததாக வாங்குங்கள். வளையம் சுருளின் முனையில் உட்காரும் இடத்தில் கிரீஸ் வையுங்கள். அப்புறம், ஸ்பிரிங் மாற்றுகிற அன்றே மேலே உத்திரத்துக் கொக்கியையும் கழற்றி, தேய்மானம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.