இரண்டு ராத்திரிக்கு எந்த ஊர்? பிரெஞ்சு பேசும் நகரங்கள் பற்றிய கேள்வி பதில்

வார இறுதியோடு ஒருநாள் லீவு சேர்த்து, இரண்டு மூன்று ராத்திரி தங்கிவர பிரெஞ்சு பேசும் ஊர்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பதினான்கு வருடமாக லியோனில் இருக்கிறேன். லீவு கிடைத்தால் ரயிலேறிவிடுவேன். போய்ப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி (லண்டன்): அக்கா, வெள்ளி சாயங்காலம் கிளம்பி ஞாயிறு ராத்திரி வீடு திரும்ப வேண்டும். நானும் மனைவியும் மட்டும். பாரிஸ் இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது. வேறு எங்கே போகலாம்?

பதில்: வட பிரான்ஸின் லில். யோசிக்கவே வேண்டாம். செயின்ட் பாங்க்ராஸில் யூரோஸ்டார் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து ஊரின் பெரிய சதுக்கத்துக்கு நடந்தே போய்விடலாம். குறுகிய பயணத்துக்கு ஊர் தேடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: வீட்டு வாசலிலிருந்து ஓட்டல் வாசலுக்கு எத்தனை மணி நேரம்? நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அந்த ஊரை நீண்ட லீவுக்கு எடுத்து வையுங்கள். விமானம் ஒரு மணி நேரம்தான் என்பார்கள். விமான நிலையத்துக்குப் போகும் நேரத்தையும் அங்கே காத்திருக்கும் நேரத்தையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

லில்லில் பழைய பங்குச் சந்தைக் கட்டடத்தைத் தவற விடாதீர்கள். 17ஆம் நூற்றாண்டில் ஒரு முற்றத்தைச் சுற்றி 24 வீடுகளாகக் கட்டியது. இன்று அந்த முற்றத்தில் பழைய புத்தகம் விற்கிறார்கள், ஓரமாக உட்கார்ந்து செஸ் ஆடுகிறார்கள். ஞாயிறு காலை வாஸெம் சந்தைக்குப் போங்கள். காய்கறி, துணி, பொரித்த கோழி எல்லாம் ஒரே கூச்சலுக்கு நடுவே கிடைக்கும்.

அப்புறம் மெட்ரோவில் ரூபே போங்கள். பக்கத்து ஊர், ஒரு காலத்தில் பஞ்சாலைகளும் கம்பளி ஆலைகளும் நிறைந்த இடம். தொழிலாளிகளுக்காக 1932இல் திறந்த நீச்சல் குளத்தை 2001இல் அருங்காட்சியகமாக மாற்றினார்கள். ‘லா பிசின்’ என்று பெயர். தண்ணீரை அப்படியே விட்டிருக்கிறார்கள். இரு கரையிலும் சிலைகள், இரு முனையிலும் அரைவட்ட வண்ணக் கண்ணாடி. ஒன்று சூரிய உதயம், மற்றது அஸ்தமனம். வெயில் அடிக்கும்போது அந்த நிறமெல்லாம் தண்ணீரில் வந்து விழும். நான் நாலு முறை போயிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. திங்கட்கிழமை மூடியிருக்கும்.

செப்டம்பர் முதல் வார இறுதியில் மட்டும் முன்யோசனை இல்லாமல் கிளம்பாதீர்கள். ஊர் முழுக்கத் தெருவில் பழைய சாமான் விற்கும் ‘பிராதெரி’ அப்போதுதான் நடக்கும். நேராக ஓட்டல் தேடினால் கிடைக்காது.

கேள்வி (சென்னை): முதல் தடவை ஐரோப்பா வருகிறோம். பாரிஸ் ஆறு நாள், அதோடு இன்னொரு ஊர் மூன்று நாள். லியோனா, நீஸா? விசா சிக்கலாகுமா?

பதில்: சிக்கலே இல்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா) கேட்க வேண்டும். உங்களுக்கு இரண்டு ஊருமே பிரான்ஸ். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள் ஆகும், சில சமயம் அதற்கு மேலும் இழுக்கும். கோடை என்றால் சீக்கிரமே போடுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

ஊர் என்று கேட்டால் லியோன். என் ஊர் என்பதால் மட்டும் சொல்லவில்லை. பாரிஸிலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயிலில் நீஸ் போக ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், லியோனுக்கு இரண்டே மணி நேரம். மூன்று நாளில் போக வர ஒரு முழு நாளை ரயிலுக்குக் கொடுக்க வேண்டாம்.

லியோனில் குருவா ரூஸ் குன்றுக்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த பகுதி. வீட்டு அறைகளின் உட்கூரையெல்லாம் தரையிலிருந்து நாலு மீட்டர் உயரத்தில் இருக்கும். காரணம் தறி. ஜக்கார்டு தறி அவ்வளவு உயரம். காஞ்சிபுரத்தில் தறிக்கு மேலே அட்டை கோத்துத் தொங்கும் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயர் இந்த ஊரில் 1752இல் பிறந்த ஜோசப் மரி ஜக்காருடையது. 1804இல் அவர் செய்த தறியின் வழிவந்ததுதான் நம் ஊர்ப் பெட்டியும். ‘மேஸோன் தே கானு’ என்ற இடத்தில் தறியை ஓட்டியே காட்டுகிறார்கள். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் எனக்குக் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் தெரு ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

கூலிக்காக இந்த நெசவாளர்கள் 1831இல் கிளர்ந்தெழுந்தார்கள். “உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடி மடிவோம்” என்று கறுப்புக் கொடியில் எழுதியிருந்தார்கள். அந்தத் தெருக்களில் நடக்கும்போது இது தெரிந்திருந்தால் ஊர் வேறு மாதிரி தெரியும்.

கட்டடங்களுக்கு ஊடாக ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போகும் நடைவழிகள் உண்டு, ‘திராபூல்’ என்பார்கள். உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள், சத்தம் போடாமல் கடந்து போங்கள். ஃபூர்வியேர் மலைக்கு இழுவை ரயில் இருக்கிறது. மேலே உள்ள ரோமானியத் திறந்தவெளி அரங்குக்குக் கட்டணம் இல்லை. டிசம்பர் 8ஐ ஒட்டி விளக்குத் திருவிழா. பார்க்க வேண்டியதுதான், ஆனால் ஓட்டலை மாதக்கணக்கில் முன்பே பிடிக்க வேண்டும்.

கேள்வி (சென்னை, அதே வாசகர்): நாங்கள் சுத்த சைவம். லியோனில் பட்டினிதான் என்று பயமுறுத்துகிறார்களே?

பதில்: பட்டினி கிடக்க மாட்டீர்கள். ஆனால் லியோனின் பேர்போன ‘பூஷோன்’ சாப்பாட்டுக் கடைகள் உங்களுக்கானவை அல்ல, அங்கே குடலும் பன்றியும்தான் பிரதானம். லெபனான் கடைகள், சந்தைப் பழம், ரொட்டி, பாலாடைக்கட்டி என்று சமாளித்துவிடலாம். பாலாடைக்கட்டியில் பல வகை கன்றின் இரைப்பை நொதியால் உறையவைத்தவை, அதையும் தவிர்ப்பவர்கள் கேட்டு வாங்குங்கள்.

ஏமாறும் இடங்களைச் சொல்கிறேன். லியோன் சாலட்டில் பன்றித் துண்டுகள் இருக்கும். வெங்காய சூப்பை பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில்தான் செய்கிறார்கள். பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம், கடைக்குக் கடை கேட்க வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கும். “நி வியான்த், நி ப்வாஸோன்” என்று சொல்லுங்கள், இறைச்சியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று அர்த்தம்.

சைவர்களுக்கு நீஸில் ஒரு நல்ல சேதி உண்டு. ‘சோக்கா’ என்று கடலை மாவையும் ஆலிவ் எண்ணெயையும் கரைத்து விறகடுப்பில் சுட்டுத் தருவார்கள். மேலே மிளகுத்தூள் தூவிச் சூடாகச் சாப்பிட்டால் நம் வீட்டு அடை மாதிரியே இருக்கும். நீஸை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஸ்டுட்கார்ட்): 6, 9 வயதில் இரண்டு பிள்ளைகள். ஸ்ட்ராஸ்பர்க் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போகலாமா?

பதில்: ஊருக்குப் போங்கள், அந்தச் சமயத்தில் வேண்டாம். 1570 முதல் நடக்கும் சந்தை, அழகுதான். ஆனால் டிசம்பர் சனிக்கிழமை கூட்டத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் போகிறவர் முதுகுதான் தெரியும். மே மாதம் போங்கள், ஓரான்ஜெரி பூங்காவில் கூடுகட்டியிருக்கும் நாரைகளைக் காட்டலாம். பேராலயத்தின் கோபுரம் 142 மீட்டர், இரு நூற்றாண்டுக்கு மேல் உலகத்திலேயே உயரமான கட்டடமாக இருந்தது. உள்ளே உள்ள வானியல் கடிகாரத்தின் பொம்மைகள் மதியம் 12.30க்கு வரிசையாக நடந்துபோவதை உங்கள் சின்னவர் விட மாட்டார்.

ஓட்டல் செலவைக் குறைக்க ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஜெர்மனியின் கேல் ஊரில் தங்கலாம். 2017 முதல் ஸ்ட்ராஸ்பர்க் டிராம் அங்கேயும் போகிறது.

கேள்வி (பாரிஸ் புறநகர்): அக்கா, அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில இருந்து வந்து நிக்கினம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், படி ஏறேலாது. எங்க கூட்டிக்கொண்டு போகலாம்?

பதில்: போர்தோவுக்குக் கூட்டிப் போங்கள். மோன்பர்னாஸ் ஸ்டேஷனிலிருந்து இரண்டு மணி நேரம் சொச்சம். ஊர் தட்டையாக இருக்கும், டிராம் தரையோடு தரையாக நிற்கும், கரோன் ஆற்றங்கரை முழுக்க மேடுபள்ளம் இல்லாத நடைபாதை. பூர்ஸ் சதுக்கத்துக்கு முன்னால் ‘நீர்க் கண்ணாடி’ என்று கறுப்புக் கல் தளத்தில் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். எதிர்க் கட்டடம் முழுக்க அதில் தெரியும், சின்னப் பிள்ளைகள் அதில் ஓடி விளையாடுவார்கள். சாயங்காலம் அம்மாவை அங்கே உட்கார வைத்துவிடுங்கள், அவரே எழுந்து வர மனசில்லாமல் இருப்பார். குளிர்காலத்தில் அந்தத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். லில்லின் பழைய ஊரில் கல்பாவிய தெருக்கள், முழங்காலுக்கு ஆகாது.

கேள்வி (ஆம்ஸ்டர்டாம்): பிரஸ்ஸல்ஸைப் பிரெஞ்சு ஊர் என்று சொல்லலாமா? இரண்டு மணி நேர ரயில்தானே என்று பார்க்கிறேன்.

பதில்: சட்டப்படி இருமொழி ஊர், தெருப் பெயர்ப் பலகையில் பிரெஞ்சும் டச்சும் இருக்கும். தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் பிரெஞ்சு. கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தை ராத்திரி விளக்கில் ஒருமுறை பாருங்கள். 1695இல் பிரெஞ்சுப் படை குண்டுவீசித் தரைமட்டமாக்கிய பின், சில ஆண்டுகளிலேயே திரும்ப எழுப்பிய வீடுகள் அவை.

லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர் என்றால் இந்த ஊரை விடவே கூடாது. லக்கி லூக்கை வரைந்த மோரிஸ் பெல்ஜியக்காரர். ஊர்ச் சுவர்களில் காமிக்ஸ் நாயகர்களைப் பெரிதாகத் தீட்டியிருக்கிறார்கள். விக்டர் ஓர்தா கட்டிய பழைய துணிக் கிடங்கில் காமிக்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது, அரை நாள் போவதே தெரியாது.

கேள்வி (சூரிச்): ஜெனீவா சலிப்பூட்டும் ஊர் என்கிறார்களே?

பதில்: ஒருநாளுக்குப் போதும், அந்த ஒருநாள் நன்றாக இருக்கும். ஓட்டலில் தங்குபவர்களுக்கு ஊருக்குள் டிராமும் பஸ்ஸும் இலவசம். 18ஆம் நம்பர் டிராமில் கடைசி வரை போனால் செர்ன் என்ற அணுத்துகள் ஆராய்ச்சிக் கூடம். 2023இல் திறந்த ‘சயின்ஸ் கேட்வே’ கண்காட்சிக்குக் கட்டணம் இல்லை, திங்கட்கிழமை விடுமுறை. 2004இல் இந்தியா பரிசளித்த இரண்டு மீட்டர் நடராஜர் சிலையும் செர்ன் வளாகத்துக்குள் நிற்கிறது. மீதி நாளை லோசானுக்கும் ஏரிக்கரை லாவோ திராட்சைத் தோட்டங்களுக்கும் கொடுங்கள்.

கேள்வி (டொரோண்டோ): மொன்றியலா, கியூபெக் நகரமா?

பதில்: இரண்டே ராத்திரி என்றால் மொன்றியல், ரயிலில் ஐந்து மணி நேரம் சொச்சம். மூன்று ராத்திரி இருந்தால் கியூபெக். மதில் சூழ்ந்த பழைய ஊர் உண்மையாகவே வேறு உலகம். பக்கத்தில் மோன்மொரென்சி அருவி 83 மீட்டர், நயாகராவை விட உயரம்.

கேள்வி (பெங்களூர்): பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. முறைப்பார்களா?

பதில்: கடைக்குள் நுழைந்ததும் “போன்ஜூர்” சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் நேராக விலை கேட்பது இங்கே மரியாதைக் குறைவு. முறைப்பு என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இதனால் வருவதுதான். சொல்லிவிட்டால் அவர்களே ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்வார்கள்.

மொழியை விடக் கிழமைதான் உங்களைப் படுத்தும். ஞாயிறு பல கடைகள் இல்லை, திங்கள் பல உணவகங்கள் இல்லை. அருங்காட்சியகங்கள் சில ஊரில் திங்கள், சில ஊரில் செவ்வாய் விடுமுறை. என் தங்கை குடும்பத்தை ஒரு திங்கட்கிழமை ஒரு ஊருக்கு அழைத்துப்போய், பூட்டிய கதவுகளை மட்டும் காட்டிக் கூட்டிவந்தேன். பிள்ளைகள் முகம் வாடியது இன்னும் உறுத்துகிறது. வெள்ளி வந்து ஞாயிறு திரும்புவது போல் போடுங்கள். மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரைதான், அதற்குப் பிறகு அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

கேள்வி (சென்னை, அதே வாசகர்): லியோன் டிக்கெட் பார்க்கிறோம். திரும்பும் நாளில் பாரிஸில் ஐந்து மணி நேரம் கையில் இருக்கும். என்ன செய்யலாம்?

பதில்: டிஜிவி டிக்கெட்டை இன்றே போடுங்கள், இடம் நிரம்ப நிரம்ப விலை ஏறும். மலிவான ‘விகோ’ ரயிலில் பெரிய பெட்டிக்குத் தனிக் காசு. லியோனிலிருந்து வந்து இறங்குவது கார் டு லியோன் ஸ்டேஷன். அங்கிருந்து ஆர்இஆர் டி என்ற புறநகர் ரயிலில் இரண்டாவது நிறுத்தம் கார் டு நோர்ட். வெளியே வந்து பத்து நிமிடம் நடந்தால் லாசப்பல், நம் ஈழத் தமிழர் கடைத்தெரு. மாணிக்க விநாயகர் கோயிலும் அருகிலேயே இருக்கிறது. தோசையோ இடியப்பமோ வயிறாரச் சாப்பிட்டு, வழிக்கும் கட்டிக்கொள்ளுங்கள். விமான நிலையத்துக்குப் போகும் ஆர்இஆர் பி அதே கார் டு நோர்ட்டிலிருந்துதான் கிளம்புகிறது.