பழைய மஸில் கார்களில் (அதிக சக்தி கொண்ட அமெரிக்கக் கார்களில்) சரியான நிலை உயரம், அதாவது வண்டி தரையிலிருந்து நிற்கும் உயரம்: கேள்வி பதில்

கேள்வி: 1969 கமாரோவின் முன்பக்கத்தை முழுவதும் பிரித்துப் புதிய புஷ்களும் (இணைப்புகளில் அமரும் ரப்பர் உருளைகள்) காயில் ஸ்பிரிங்குகளும் போட்டேன். முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஸ்பிரிங்கை வெட்டலாமா?

பதில்: இப்போதைக்கு வெட்டாதீர்கள். கண்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) அசையும்போது அதன் ரப்பர் புஷ் வழுக்குவதில்லை, முறுக்கிக்கொள்கிறது. ஆகவே வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டுகளை இறுதியாக முடுக்கிவிட்டால், சக்கரங்கள் தரையைத் தொட்டதும் அந்த ரப்பர் முறுக்கேறி, ஸ்பிரிங்கோடு சேர்ந்து வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். விரைவில் கிழிந்தும் போகும். போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியைத் தன் சக்கரங்களில் நிற்கவைத்து, முன்னும் பின்னும் உருட்டி, அமுக்கி விட்டபின் மறுபடி முடுக்குங்கள். எஞ்சின், பானெட், பம்பர் எல்லாம் பொருத்தி, பெட்ரோல் டேங்கை நிரப்பிய பிறகுதான் அளவு எடுக்க வேண்டும். புதிய ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் சற்றுத் தணியும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: அதன் பிறகும் உயரமாக இருந்தால்?

பதில்: ஸ்பிரிங் எந்த எஞ்சினுக்கு உரியது என்று பாருங்கள். 396 கன அங்குல பிக் பிளாக் (பெரிய, கனமான) எஞ்சினின் எடைக்கான ஸ்பிரிங்கை ஸ்மால் பிளாக் (சிறிய எஞ்சின்) வண்டியில் போட்டாலும், எஞ்சினின் இரும்பு சிலிண்டர் ஹெட்டுகளுக்குப் பதில் அலுமினியம் ஏறியிருந்தாலும் முன்பக்கம் உயரும். உரிய ஸ்பிரிங்கை வாங்குவதே முறை. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், ஸ்பிரிங் ஆர்மின் நடுப்பகுதியில் அமர்வதால் அங்கே குறையும் உயரம் சக்கரத்தில் ஏறக்குறைய இரு மடங்காகத் தெரியும் என்பதை மறவாமல், அரைச் சுற்றுக்கும் குறைவாகத் தொடங்குங்கள். தட்டையாக முடித்த முனையைத் தொடாதீர்கள். நெருப்பு காட்டித் தணிப்பது எஃகின் பதத்தையே கெடுக்கும். அதை ஒருபோதும் செய்யக்கூடாது.

கேள்வி: ஃபெண்டர் (சக்கரத்தின் மேலுள்ள மட்கார்டு) விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் போதாதா?

பதில்: போதாது. ஃபெண்டர்கள் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துப் பொருத்தப்படுபவை. ஷெவெல் போன்ற தனிச் சட்டகம் கொண்ட வண்டிகளில் சட்டகத்திற்கும் பாடிக்கும் இடையிலுள்ள ரப்பர்களும் அந்த அளவை மாற்றும்.

கேள்வி: 1970 பிளிமத் ரோட் ரன்னரில் டார்ஷன் பாரை (காயில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, முறுக்கத்தால் எடையைத் தாங்கும் தண்டு) எப்படிச் சரிசெய்வது?

பதில்: பிளிமத்தைத் தயாரித்த கிரைஸ்லரின் அளவு முறை எனக்கு மிகவும் பிடித்தது. கீழ் பால் ஜாயிண்ட்டின் (கண்ட்ரோல் ஆர்மின் நுனியிலுள்ள உருண்டை மூட்டு) அடியிலிருந்து தரைக்கு ஓர் அளவும், அதே ஆர்மில் டார்ஷன் பாரின் சரிசெய்யும் பகுதியின் அடியிலிருந்து இன்னோர் அளவும் எடுத்து, அவற்றின் வித்தியாசத்தைக் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசத்தை மட்டுமே பார்ப்பதால் டயரின் விட்டம் கணக்கைக் குழப்பாது. இடது, வலது வித்தியாசங்கள் 1/8 அங்குலத்துக்கு மேல் விலகக்கூடாது. பாரின் சுமையை இறக்கிவிட்டுச் சரிசெய்யும் போல்ட்டைத் திருப்புங்கள். ஒரு பக்கத்தின் மாற்றம் மறுபக்கத்தையும் தொடும் என்பதால், ஒவ்வொரு முறையும் வண்டியை அமுக்கி விட்டு இரண்டையும் அளக்க வேண்டும். இடது, வலது பார்களை மாற்றிப் போடாதீர்கள். உயரம் மாறினால் கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) டோவும் (சக்கரம் நோக்கும் திசை) மாறும். வீல் அலைன்மென்ட் கடைசியில்தான்.

கேள்வி: 1967 மஸ்டாங்கின் பின்பக்கம் தொய்ந்துவிட்டது. நீளமான ஷாக்கிள் (லீஃப் ஸ்பிரிங் எனும் பட்டை ஸ்பிரிங்கின் பின்முனையை வண்டியோடு இணைக்கும் துண்டு) போட்டு உயர்த்தலாமா?

பதில்: வேண்டாம். நீளமான ஷாக்கிள் பின் ஆக்ஸிலின் பக்கவாட்டு ஆட்டத்தைக் கூட்டும். காற்றடிக்கும் ஷாக் அப்சார்பரும் தீர்வாகாது. வண்டியின் எடையைத் தாங்குவதற்காக அமைக்கப்படாத மேல் தாங்கிகளின் மீது அது சுமையை ஏற்றுகிறது. புதிய லீஃப் ஸ்பிரிங்குகளைச் சோடியாகப் போட்டு, ஸ்பிரிங்கின் முன்முனை வளையத்தில் செல்லும் கண் போல்ட்டையும் ஷாக்கிள் நட்டுகளையும் வண்டி தரையில் நிற்கும்போது முடுக்குங்கள்.