கொழும்பில் நுகர்வோருக்காக வாதாடும் சட்டத்தரணியின் வாழ்க்கை எப்படி இருக்கும்?

சட்டம் படிக்கும் மகளை இந்தப் பக்கம் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பலாம், ஆனால் காணி வழக்குகளை நடத்தும் சட்டத்தரணிகளின் வருமானத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் இப்படி ஒரு சட்டத்தரணியிடம் ஜூனியராக இருந்தேன். சினிமாவில் வருகிற வாதமெல்லாம் எப்போதாவதுதான். மற்ற நேரம் பில்களோடு போராட்டம். ஒருநாள் பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு அக்கா பிரிட்ஜ் பில்லோடு வந்தார். எழுத்து மங்கி, கிட்டத்தட்ட வெள்ளைத் தாள். (பில்லை வாங்கியதுமே போனில் படம் எடுத்து வையுங்கள்.) ஐயா அதை ஜன்னலோரம் சாய்த்துச் சாய்த்துத் திகதியைத் தேடினார். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி 3 மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிட வேண்டும். அதிகாரசபை விசாரித்து நட்டஈடு, மாற்றுப் பொருள் அல்லது பணத்தைத் திருப்பித் தரக் கட்டளையிடலாம். விற்றவர் அசையாவிட்டால்தான் நீதவான் நீதிமன்றம். அங்கே அந்தத் தொகையைத் தண்டப்பணம் போல அறவிடுவார்கள்.

அக்காவுக்கு இன்னும் 2 நாள் மிச்சமிருந்தது. அன்று மதியம் சாப்பிடப் போகாமல் முறைப்பாட்டைத் தட்டச்சு செய்தேன்.