பைக்கைக் கப்பலில் ஏற்றிவிட்டு அனுமதி வாங்கலாமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். ஆஸ்திரேலியாவின் நிரந்தர விசா கிடைத்து, வரும் மார்ச்சில் மெல்பர்னுக்குக் குடிபெயர்கிறேன். சென்ற ஆகஸ்டில் கடனில் வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியைக் கூடவே கொண்டுபோக ஆசை. சென்னை ஏஜென்ட் ஒருவர், "வீட்டுச் சாமானோடு இப்போதே ஏற்றிவிடலாம், கப்பல் போய்ச் சேர்வதற்குள் அனுமதி வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார். நம்பலாமா? அது முடியாதென்றால், அப்பாவின் 1994-ஆம் ஆண்டு புல்லட்டை அனுப்ப வழி உண்டா?

பதில்: நம்ப வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் 2018-ஆம் ஆண்டின் சாலை வாகனத் தரச் சட்டத்தின்படி, வெளிநாட்டிலிருந்து வரும் எந்த மோட்டார் சைக்கிளுக்கும் வாகன இறக்குமதி அனுமதி வேண்டும். அது கைக்கு வரும் முன் வண்டியைக் கப்பலேற்றாதீர்கள் என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையே சொல்கிறது. விண்ணப்பத்தை 'ரோவர்' என்ற அரசு இணையதளத்தில் நீங்களே போடலாம். அதற்கு ஏஜென்ட் தேவையில்லை. அனுமதி இல்லாமல் துறைமுகத்தில் இறங்கிய வண்டிக்கு நாள்தோறும் கிடங்கு வாடகை ஏறும். முடிவில் அனுமதி மறுக்கப்பட்டால், உங்கள் செலவிலேயே திருப்பி அனுப்புவதோ அழிப்பதோதான் மிஞ்சும். அந்தக் கட்டத்தில் உங்கள் ஏஜென்ட் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

உங்கள் கிளாசிக் 350-க்கு அனுமதி கிடைக்குமா என்றால், இன்றைய நிலையில் கிடைக்காது. குடிபெயர்வோர் சொந்த வண்டியைக் கொண்டுவரும் பிரிவில், நீங்கள் வெளிநாட்டில் வாழ்ந்த காலத்தில் அந்த வண்டி தொடர்ச்சியாகக் குறைந்தது பன்னிரண்டு மாதங்கள் உங்களுக்குச் சொந்தமாகவும் உங்கள் பயன்பாட்டிலும் இருந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் வாங்கியதற்கு மார்ச்சில் ஏழு மாதம்தான் ஆகிறது. நீங்கள் மெல்பர்ன் போன பிறகு வண்டி கோவை வீட்டு போர்டிகோவில் மூடி நிற்கும் மாதங்கள் இந்தக் கணக்கில் சேராது. பில், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், பாஸ்போர்ட்டில் உள்ள பயண முத்திரைகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதால், "பழைய தேதியில் ஒரு விற்பனைப் பத்திரம் போட்டுக்கொள்ளலாம் சார்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பொய் ஆவணம் கொடுத்துப் பிடிபட்டால் போவது வண்டி மட்டுமல்ல, விசாவுக்கும் சிக்கல் வரும்.

'வீட்டுச் சாமானோடு' என்ற யோசனை அதைவிட மோசமானது. கட்டில், பீரோ, பாத்திரம் போன்ற பயன்படுத்திய பொருள்களுக்கு ஆஸ்திரேலியச் சுங்கம் தரும் சலுகையில் மோட்டார் வாகனங்கள் சேராது. வண்டியின் மதிப்போடு கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் கூட்டி, அந்தத் தொகையின் மேல் 10 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். சாமான்களுக்கு நடுவே பைக்கைச் செருகி, பட்டியலில் 'இரும்புச் சாமான்' என்று எழுதி அனுப்புவது தவறான அறிவிப்பு. எக்ஸ்ரேயில் கன்டெய்னரைப் பார்ப்பவர்களுக்கு இரண்டு சக்கரமும் ஒரு என்ஜினும் தெரியாமல் போகாது. தெரிந்துவிட்டால் பைக்கோடு சேர்த்து உங்கள் சாமான் முழுவதும் நிற்கும். டேங்க்கில் பெட்ரோல் இருந்தால் அது ஆபத்தான சரக்கும் ஆகும். பெட்ரோலை வடித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, வாகனம் என்றே அறிவித்து அனுப்புவதுதான் முறை.

இந்தத் தொழிலில் மக்கள் அதிகம் ஏமாறுவது கொட்டேஷனில்தான் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒற்றை பைக்கை அனுப்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் பலருடைய சரக்கைச் சேர்த்து ஏற்றும் பகிர்வு கன்டெய்னரில்தான் இடம் கிடைக்கும். கட்டணம் கன மீட்டர் கணக்கில் வரும். கிளாசிக் 350-இன் எடை 195 கிலோதான் என்றாலும், 2.3 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் உயரத்தில் மரப்பெட்டி அடித்தால் ஏறக்குறைய 2.7 கன மீட்டர் ஆகிறது; அந்த அளவுக்குத்தான் பில் வரும். சென்னையில் சில ஃபார்வர்டர்கள், அதாவது சரக்கு அனுப்பும் ஏஜென்ட்டுகள், கன மீட்டருக்கு நம்ப முடியாத அளவு குறைந்த தொகையைச் சொல்வார்கள். அது அவர்களுடைய தாராள மனம் அல்ல. மெல்பர்னில் இருக்கும் கூட்டாளி ஏஜென்ட், கன்டெய்னரைப் பிரிக்கும் கட்டணம், முனையக் கட்டணம், ஆவணக் கட்டணம், கையாளும் கட்டணம் என்று வெவ்வேறு பெயர்களில் உங்களிடம் வசூலித்து, அதில் ஒரு பங்கைச் சென்னைக்குத் திருப்பி அனுப்புவார். அந்தப் பணத்தைக் கட்டும்வரை சரக்கை விடுவிக்கும் கடிதம் வராது. வேறு ஏஜென்ட்டிடம் போகவும் முடியாது, ஏனென்றால் சரக்கை ஏற்றியதற்கான ஆவணமான பில் ஆஃப் லேடிங்கில் அந்த மெல்பர்ன் கூட்டாளியின் பெயர்தான் இருக்கும். ஆகவே, மெல்பர்னில் கட்ட வேண்டிய ஒவ்வொரு கட்டணத்தையும் தலைப்பு வாரியாக, ஆஸ்திரேலிய டாலரில், எழுத்தில் கேளுங்கள். "அங்கே நம்ம ஆள் இருக்கார், பார்த்துக்குவார்" என்பது பதில் அல்ல. சுங்கத் தரகர் என்று சொல்லிக்கொள்கிறவரிடம் சுங்கத் துறை உரிமத்தின் எண்ணையும் கேளுங்கள். உரிமம் உள்ளவர் தயங்காமல் காட்டுவார்.

மரப்பெட்டி, வெப்பமூட்டிப் பதப்படுத்தி சர்வதேச முத்திரை குத்திய மரத்தில் இருக்க வேண்டும்; தெருமுனைத் தச்சரின் பெட்டி உதவாது. சரக்குக் காப்பீட்டில், பெரும்பாலான சேதங்களுக்கும் பணம் தரும் 'ஏ' பிரிவை மட்டும் வாங்குங்கள். ஏஜென்ட்டுகள் மலிவாகச் சேர்த்துத் தரும் 'சி' பிரிவு, கப்பல் மூழ்குவது, தீப்பிடிப்பது போன்ற பெரிய விபத்துகளுக்குத்தான் பணம் தரும். டேங்க் நசுங்கினாலோ வண்டி திருடு போனாலோ தராது. காப்பீடே இல்லாமல் அனுப்புவது இன்னும் ஆபத்து. 2021-இல் சூயஸ் கால்வாயில் சிக்கிய 'எவர் கிவன்' கப்பலின் உரிமையாளர் பொதுச் சேதப் பங்கீடு அறிவித்தபோது, சேதமே அடையாத சரக்கின் சொந்தக்காரர்களும் மீட்புச் செலவில் பங்கு தர வேண்டியதாயிற்று.

இந்தியப் பக்கத்தில் முதல் வேலை கடனை அடைப்பது. வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து அடமானக் குறிப்பை நீக்காமல் எதுவும் நகராது. பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், வண்டியை வெளியே கொண்டுபோகத் தடையில்லை என்ற சான்றான என்.ஓ.சி. வாங்க வேண்டும். அந்தப் படிவம் வண்டி வேறு மாநிலத்துக்குப் போவதை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 'வெளிநாடு' என்று சொன்னதும் கவுன்டரில் இருப்பவர் உங்களை அடுத்த கவுன்டருக்கு அனுப்புவார், அங்கிருந்து மறுபடி முதல் கவுன்டருக்கு அனுப்புவார்கள். இத்தனை லட்சம் பேர் வெளிநாடு போகிற மாநிலத்தில் இதற்கென்று ஒரு தெளிவான படிவம் இல்லாதது வெட்கக்கேடு. அந்தக் குழப்பத்தில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

இனி அப்பாவின் புல்லட். இது உண்மையான விதிவிலக்கு. உற்பத்தியாகி 25 ஆண்டுகள் நிறைந்த வண்டிக்குத் தனிப் பிரிவு இருக்கிறது; அதில் பன்னிரண்டு மாத உரிமை நிபந்தனை கிடையாது. 1994 வண்டி அந்த வயதைத் தாண்டிவிட்டது. ஆனால் அதற்காகப் பெட்டி அடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். முதலில், ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்: பதினைந்து ஆண்டு முடிந்து 2009-இலும், அதன்பின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் புதுப்பித்திருக்க வேண்டும். ஒரு சுற்று விட்டுப்போயிருந்தாலும் என்.ஓ.சி. கிடைக்காது. அடுத்து, என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். நம் ஊரில் பழைய புல்லட்டுக்கு வேறு வண்டியின் என்ஜினை மாற்றிப் போட்டு ஓட்டுவது சாதாரணம். சென்னைத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி எண்ணைப் பார்க்கும்போதுதான் அது தெரியவரும். உங்கள் பெயருக்கு ஆர்.சி.யை மாற்றிக்கொள்வதும் நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை ஆஸ்பெஸ்டாஸ். ஆஸ்திரேலியா 2003 டிசம்பர் 31 முதல் அதை முற்றிலும் தடை செய்துவிட்டது. சிறு அளவுகூட இருக்கக் கூடாது. பழைய புல்லட்டின் பிரேக் ஷூ, கிளட்ச் தட்டு, என்ஜின் ஹெட்டிலும் சைலன்சர் இணைப்பிலும் உள்ள கேஸ்கெட் ஆகியவற்றில் அது இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நம் சந்தையில் 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று அச்சிட்ட பெட்டியில் வரும் உதிரிபாகத்தையும் கண்ணை மூடி நம்ப முடியாது, ஏனென்றால் இந்தியாவில் அதன் பயன்பாட்டுக்கு முழுத் தடை இல்லை. ஏஜென்ட் ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கித் தரும் 'சான்றிதழ்' ஆஸ்திரேலிய எல்லைக் காவல் படையிடம் செல்லாது. சந்தேகம் வந்தால் பாகத்தைக் கழற்றி, அங்கே அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்வார்கள், செலவு உங்களுடையது. இந்த இடங்களில் உள்ள பாகங்கள் அனைத்தையும் இங்கேயே மாற்றி, மாற்றியவற்றின் ஆய்வு அறிக்கையையும் மெக்கானிக்கின் பில்லையும் புகைப்படங்களையும் கோப்பாக வைத்திருந்தால்தான் வண்டி சிக்கலின்றி வெளியே வரும். சேறு, விதை, பூச்சிக்கூடு எதுவும் மட்கார்டு அடியிலும் ஏர் ஃபில்டரிலும் ஒட்டியிருக்காதபடி சுத்தமாகக் கழுவுவதும் கட்டாயம். அங்கே இறங்கிய பின் விக்டோரியா மாநிலப் பதிவுக்குச் சாலைத் தகுதிச் சான்று தனியாக வாங்க வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், கிளாசிக் 350-ஐ விற்றுவிடுங்கள். அதே வண்டி மெல்பர்ன் ஷோரூமில் கிடைக்கிறது. கடனை அடைத்து, பெட்டி அடித்து, இரண்டு பக்கத்துக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் கட்டிக் கொண்டுபோகும் அளவுக்கு அதில் அரிதானது ஒன்றுமில்லை. புல்லட்டை அப்பாவின் வண்டி என்ற பாசத்துக்காகக் கொண்டுபோக விரும்பினால், மார்ச்சில் உங்களோடு அது வர வேண்டியதில்லை. அவசரப்படுத்துகிறவர் ஏஜென்ட் மட்டும்தான். நீங்கள் புறப்படும் முன், ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் சுங்கத்திலும் உங்கள் சார்பில் கையெழுத்திட அப்பாவுக்கு ஓர் அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டுப் போங்கள். மறந்துவிட்டால் அதே பத்திரத்துக்கு மெல்பர்னில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் நாள் குறித்துக் காத்திருக்க நேரிடும்.