நான் நானாகவே இருந்துகொண்டு உலகத்துக்கு ஏதாவது செய்ய முடியுமா?

கேள்வி இதுதான்: "வேலையில், உறவுகளில், எல்லா இடத்திலும் அடுத்தவருக்குப் பிடித்தமாதிரி நடந்துகொண்டே காலம் போகிறது. என் இயல்பை விட்டுக்கொடுக்காமல் வாழ்ந்து, இந்த உலகத்தில் ஒரு சின்ன மாற்றத்தையாவது கொண்டுவர முடியுமா? அப்படிச் செய்தவர்கள் யாராவது உண்டா?"

முடியும். அப்படிச் செய்தவர்களும் உண்டு. நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன், கட்டட வேலைதான் பிழைப்பு. அதனால் என் தொழிலிலிருந்தே ஒருவரைச் சொல்கிறேன். அவர் பெயர் லாரி பேக்கர். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் அவர் கட்டிய சுவரைத் தொட்டுப் பார்த்துவிடலாம்.

1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். அங்கேயே கட்டடக்கலை படித்தார். கிறிஸ்தவத்தில் குவேக்கர் என்றொரு பிரிவு உண்டு. எளிமையும் உண்மையும் அவர்களுக்கு உயிர், ஆயுதம் எடுக்கமாட்டார்கள். பேக்கர் இளம் வயதிலேயே அதில் சேர்ந்தவர். இரண்டாம் உலகப்போர் வந்தபோது போர்முனைக்குப் போகாமல், ஆம்புலன்ஸ் குழுவோடு சீனாவுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பும் வழியில் கப்பல் கிடைக்காமல் பம்பாயில் சில மாதம் தங்க நேர்ந்தது. அங்கே காந்தியைச் சந்தித்தார். பேச்சு தொடங்கியதே பேக்கர் காலில் கிடந்த செருப்பிலிருந்து என்பார்கள். கிழிந்த துணிகளை வைத்துத் தானே தைத்துக்கொண்ட செருப்பு அது. அது காந்தியின் கண்ணில் படாமல் இருக்குமா? ஒரு வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருளை வைத்தே அந்த வீட்டைக் கட்டவேண்டும் என்ற காந்தியின் எண்ணம் பேக்கர் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. 1945-இல் தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைகளைக் கட்டும் வேலையாக இந்தியாவுக்கே வந்துவிட்டார்.

இந்த இடத்தில் உங்கள் கேள்விக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. நம் இயல்பு என்பது பிறக்கும்போதே முழுசாகக் கையில் கொடுக்கப்படும் பொருள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதை அடுத்தவர் தொட்டுவிடாமல் காப்பாற்றினால் போதும் என்றும் நினைக்கிறோம். பேக்கரின் கதை அப்படிப் போகவில்லை. 1948-இல் கேரளத்து மருத்துவர் எலிசபெத்தைக் கல்யாணம் செய்துகொண்டு, இருவருமாக இமயமலை அடிவாரத்துப் பித்தோராகட்டுக்குப் போனார்கள். பதினாறு வருஷம் அங்கே இருந்தார்கள். மனைவி வைத்தியம் பார்த்தார். இவர் ஆஸ்பத்திரி வேலைகளுக்குக் கைகொடுத்துக்கொண்டே கட்டடமும் கட்டினார். பர்மிங்காமில் படித்த படிப்பு அங்கே பாதிக்குமேல் உதவவில்லை. மண்ணையும் சாணத்தையும் காட்டுக்கல்லையும் வைத்துக் கட்டுவது எப்படி என்று எந்தப் பாடப்புத்தகமும் அவருக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. மலைவாசிகளின் வீடுகளோ குளிரையும் மழையையும் காற்றையும் தாங்கிக்கொண்டு அழகாக நின்றன. படித்த ஆர்க்கிடெக்ட் என்ற மிதப்பை விட்டு, அந்த வீடுகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றார்.

பின்னாளில் "பேக்கர் பாணி" என்று ஊர் கொண்டாடியதே, அதில் பெரும்பங்கு இப்படி அடுத்தவரிடம் கற்றதுதான். அவருடையது என்று சொல்ல அடியில் இருந்தது ஒரே பிடிவாதம். தேவையில்லாததைச் செய்யமாட்டேன், இல்லாததை இருப்பதுபோலக் காட்டமாட்டேன். மீதி எல்லாமே அவர் போன இடங்களில் சேர்த்துக்கொண்டவை. உங்கள் இயல்பைக் காப்பாற்றவேண்டும் என்றால் முதலில் அதில் எது வேர், எது வெறும் பழக்கம் என்று பிரித்துப் பாருங்கள். வேர் ரொம்பச் சின்னதாகத்தான் இருக்கும். மற்றதில் தாராளமாக வளைந்து கொடுக்கலாம்.

1963-இல் கேரளத்து வாகமனுக்கு வந்தார்கள், பிறகு திருவனந்தபுரத்துக்கு. திருவனந்தபுரம் வந்தபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அதுவரை வெளியுலகத்தில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. அச்சுத மேனன் முதலமைச்சராக இருந்த காலத்தில், பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தைத் தொடங்கியபோது, அதன் வளாகத்தைக் கட்டும் பொறுப்பு 1971-இல் பேக்கரிடம் வந்தது. சரிவான நிலம், மரங்கள். பேக்கர் நிலத்தைச் சமப்படுத்தவில்லை. சரிவோடு சரிவாகக் கட்டடம் இறங்கும். மரம் குறுக்கே வந்தால் சுவர் வளைந்துகொள்ளும். பூச்சு கிடையாது, பெயின்ட் கிடையாது. ஜன்னல் வைக்கவேண்டிய இடத்தில் பல இடங்களில் செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கி ஜாலி வைத்திருக்கிறார். காற்று வரும், வெயில் பொடிப்பொடியாக விழும். மரச்சட்டமும் கண்ணாடியும் இல்லாததால் செலவும் குறைவு.

அவர் பயன்படுத்திய எலிப்பொறிக் கட்டு என்ற சுவர் கட்டும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. சாதாரணமாக ஒன்பது இஞ்சு சுவருக்குச் செங்கலைப் படுக்கவைத்து அடுக்குவோம். எலிப்பொறிக் கட்டில் செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி வைக்கவேண்டும். வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று, இரண்டையும் இணைத்துக் குறுக்கே ஒன்று. நடுவே மூன்று இஞ்சு அளவுக்கு வெற்றிடம் கிடைக்கும். மேலேயிருந்து பார்த்தால் எலிப்பொறி மாதிரியே இருக்கும். சுவரின் தடிமன் அதே ஒன்பது இஞ்சுதான். ஆனால் செங்கல் சுமார் கால்வாசி மிச்சம், கலவையும் குறையும். நடுவே நிற்கும் காற்று வெயிலின் சூட்டை உள்ளே விடாது. ஒயரிங் குழாயைக்கூட அந்த இடைவெளியிலேயே இறக்கிவிடலாம், சுவரை உடைக்கவேண்டாம். தரையை ஒட்டிய வரிசை, மேல் வரிசை, மூலைகள், கதவு ஜன்னல் ஓரங்கள் மட்டும் கெட்டியாகக் கட்டவேண்டும்.

தளத்திலும் இதே கணக்குத்தான். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை, இழுவையைத் தாங்குவது கம்பிதான். அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை வைத்துவிட்டால் அந்த அளவுக்கு கான்கிரீட் மிச்சம், பளுவும் குறைவு. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் சதுரம் சதுரமாக ஓடு தெரியும், தனியாக அலங்காரம் தேவையில்லை.

இதில் எதுவும் "நான் வித்தியாசமானவன்" என்று காட்டுவதற்காகச் செய்ததில்லை. தேவையில்லாததை எடுத்துக்கொண்டே போனார், மிஞ்சியது அவர் முகமாகிவிட்டது.

எங்கள் சித்தப்பா தக்கலை பக்கத்தில் இப்படி ஒரு வீடு கட்டினார். திருவனந்தபுரத்தில் பேக்கர் முறையில் வேலை பார்த்துப் பழகிய ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சுவர் எழும்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தது எனக்கு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. கொத்தனார் ஒவ்வொரு வரிசைக்கும் நடு இடைவெளியை ஒரு பலகைத்துண்டால் மூடிக்கொண்டு கலவை போடுவார். கலவை உள்ளே விழுந்து இடைவெளி அடைந்துவிடக் கூடாது. பிறகு பலகையை எடுத்து, செங்கலை நிறுத்தி, கரண்டிக் காம்பால் இரண்டு தட்டு தட்டி, தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்ப்பார். இணைப்பில் பிதுங்கிய கலவையை உடனே வழித்து, கோடு நேராக வரும்படி தேய்த்துவிடுவார். "பூச்சு உண்டுண்ணா கை மட்டும் ஓடினாப் போதும் தம்பி, பூச்சு இல்லேண்ணா கண்ணும் கூடவே ஓடணும்" என்றார். பூசிய சுவரில் கொத்தனாரின் வேலை ஒரு வாரத்தில் மறைந்துபோகும். இந்தச் சுவரில் அவர் வைத்த ஒவ்வொரு கல்லும் வீடு நிற்கும்வரை தெரியும். வீடு முடிந்து பல காலம் கழித்துக்கூட, அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் இருப்பவரிடம் "அது நான் கெட்டின வீடாக்கும்" என்று காட்டுவாராம்.

பேக்கர் செய்த மாற்றத்தில் இது எனக்கு மிகப் பெரியதாகப் படுகிறது. சிமென்டுக்கும் கம்பிக்கும் போகவேண்டிய பணத்தில் ஒரு பங்கு உள்ளூர் சூளைக்காரருக்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் போகிறது. வேலை செய்தவருக்குத் தன் வேலையைக் காட்டிப் பெருமைப்படவும் முடிகிறது.

ஆனால் இதற்கு விலை உண்டு. நம் ஊரில் பூசாத சுவர் என்றால் காசு தீர்ந்துபோன வீடு என்று அர்த்தம். சித்தப்பா வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் விடாமல், "எப்ப மாப்ள பூசப் போறே? கையில பணம் இல்லேண்ணா சொல்லு, நான் தாறேன்" என்பார். பாசத்தில்தான் கேட்டார். சித்தி அதற்கு ரொம்ப வருத்தப்பட்டிருக்கிறார். உங்கள் கேள்வியில் தெரிகிற வலியும் இதுதான் என்று நினைக்கிறேன். எதிர்ப்பவரைச் சமாளித்துவிடலாம், நம்மேல் அக்கறை உள்ளவர் "ஏன் மற்றவர்கள் மாதிரி இருக்கமாட்டேன் என்கிறாய்" என்று கேட்கும்போதுதான் மனம் தளர்கிறது. அதற்கு என்னிடம் சுலபமான மருந்து இல்லை. சித்தப்பா வாதாடவில்லை. மே மாத மத்தியானத்தில் அவரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, அங்கேயே பாய் விரித்துப் படுக்கவைத்தார். எழுந்தபின் அவர் பூச்சைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் அப்படி மாறிவிடுவார்கள் என்று சொல்லமாட்டேன்.

பேக்கருக்கும் இதே கதைதான். நடுவே வெற்றிடம் விட்ட சுவர் நிற்குமா என்று சந்தேகப்பட்ட இன்ஜினியர்கள் நிறைய. அவர் பதிலாகக் கட்டிக் காட்டினார். இன்னொன்றையும் செய்தார். தன் முறைகளைப் பொத்திப் பாதுகாக்காமல், தானே படம் வரைந்து, யாரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி சின்னச் சின்னக் கையேடுகளாக எழுதினார். வேலை நடக்கும் இடத்திலேயே கொத்தனார்களோடு நின்று சொல்லிக்கொடுத்தார். வசதியானவர்களுக்கும் வீடு கட்டினார், திருவனந்தபுரத்துக் கடலோரப் பூந்துறை மீனவர்களுக்கும் வீடு கட்டினார். பூந்துறையில் வீடுகளை ஒரே நேர்கோட்டில் வரிசையாக நிறுத்தாமல் முன்னும் பின்னுமாகத் தள்ளி வைத்தார். அப்போதுதான் எல்லா வீட்டுக்கும் கடல்காற்று வரும், முன்னால் வலை காயப்போட இடமும் கிடைக்கும். தன் பிடிவாதத்தை அடுத்தவர்மேல் திணிக்கும் மனிதருக்கு வலை எங்கே காயும் என்ற நினைப்பே வராது. தன் இயல்பில் ஊன்றி நிற்பவர்தான் அடுத்தவர் தேவையை நிதானமாகப் பார்க்க முடியும் என்பது என் எண்ணம்.

1985-இல் அச்சுத மேனன், கே. என். ராஜ் போன்றவர்களோடு சேர்ந்து திருச்சூரில் கிராம வளர்ச்சிக்கான காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பைத் தொடங்கினார். எண்பதுகளின் கடைசியில் இந்தியக் குடியுரிமை, 1990-இல் பத்மஸ்ரீ. 2007-இல், தொண்ணூறு வயதில், திருவனந்தபுரத்தில் காலமானார். அவர் போனபிறகும் அவர் முறையில் வீடுகள் எழும்பிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஒன்று மட்டும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இப்போது சிலர் சாதாரணமாகச் சுவர் எழுப்பி, சிமென்ட் பூசி, அதன்மேல் செங்கல் மாதிரித் தெரியும் டைல்ஸை ஒட்டுகிறார்கள். பார்வைக்குப் பேக்கர் வீடு, செலவோ அதிகம். என்னிடம் அப்படிக் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் எலிப்பொறிக் கட்டின் செலவுக் கணக்கை எழுதிக் காட்டுவேன். சிலர் மனம் மாறியிருக்கிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வேலையை விட்டுவிட்டு இமயமலைக்குப் போகவேண்டாம். நீங்கள் தினமும் செய்யும் வேலையில், தேவையே இல்லாமல், பார்ப்பவருக்காக மட்டும் பூசிக்கொண்டிருக்கும் ஒன்றை எடுத்துப் பாருங்கள். யாரும் படிக்காத அறிக்கையாக இருக்கலாம், சம்மதமில்லாமல் போடும் ஒரு ஆமாம் ஆக இருக்கலாம். அதை நிறுத்துங்கள். அதில் மிச்சமாகும் நேரத்தை, உங்கள் வேலையால் யாருக்குப் பலன் போகவேண்டுமோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கச் செலவழியுங்கள்.

அப்புறம், திருவனந்தபுரம் போனால் தம்பானூர் பஸ் நிலையத்தை ஒட்டியிருக்கும் இந்தியன் காபி ஹவுஸுக்குள் போய்வாருங்கள், அதுவும் பேக்கர் கட்டியதுதான். சிவப்பு நிறத்தில் வட்டக் கோபுரம் மாதிரி நிற்கும். உள்ளே மாடிப்படி கிடையாது, தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறும், மேசையும் பெஞ்சும் ஏற்றத்தோடு கூடவே கட்டப்பட்டிருக்கும். மேல் சுற்றுவரை ஏறி, ஜாலி ஓரமாக இடம் பிடித்து உட்காருங்கள். நல்ல காற்று வரும்.