வாசகர் கேள்வி பதில்: மகளுக்கு ஒதுக்காத அப்பாக்கள்

கேள்வி: எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' படித்தோம். ஐந்து பெண்களின் அப்பாவான பென்னட்டைப் பலருக்குப் பிடித்துவிட்டது. பெண் பிறந்த வருஷமே பித்தளையும் வெள்ளியும் வாங்கிச் சேர்க்கத் தொடங்கும் அப்பச்சிகளைப் பார்த்து வளர்ந்த எனக்குக் கோபம்தான் வருகிறது. "சொத்து ஆண் வாரிசுக்குத்தான் போகும், அவர் என்ன செய்வார்?" என்கிறார்கள். (வாசகி, காரைக்குடி)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆண் வாரிசுக்குத்தான் போகவேண்டும் என்ற அந்த 'என்டெயில்' கட்டுப்பாடு, பென்னட்டின் லாங்போர்ன் நிலத்துக்குத்தான். வருஷ வருமானம் 2,000 பவுண்டு அவர் கையில்தான் இருந்தது. மகன் பிறப்பான், வயது வந்ததும் அப்பாவோடு சேர்ந்து அந்தக் கட்டுப்பாட்டை உடைப்பான் என்று நம்பி ஒரு காசும் சேர்க்கவில்லை. மனைவி மக்களுக்கென்று எழுதிவைத்தது 5,000 பவுண்டு, பெண் ஒருத்திக்கு 1,000. மணமாகி 23 வருஷம். வருஷம் 200 ஒதுக்கியிருந்தால் வட்டி இல்லாமலே 4,600. ஒவ்வொரு பெண்ணின் பங்கும் ஏறக்குறைய இரட்டித்திருக்கும்.

பென்னட்டைப் பிடித்துப்போகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய கிண்டல் பேச்சோடு நின்றுவிடுகிறார்கள். 41, 50 ஆகிய இரண்டு அத்தியாயங்களையும் அடுத்தடுத்துப் படியுங்கள். (மூன்று பாகமாக வந்த பதிப்பென்றால் 50ஆவது, மூன்றாம் பாகத்தின் 8ஆவது.) முன்னதில், கடைசி மகள் லிடியாவை பிரைட்டன் என்ற கடற்கரை ஊருக்கு அனுப்பாதீர்கள் என்று இரண்டாவது மகள் எலிசபெத் கெஞ்சுகிறாள், அனுப்பாவிட்டால் வீட்டில் நிம்மதி இருக்காது என்று தட்டிக்கழிக்கிறார். பின்னதில், ஓடிப்போன லிடியாவுக்கு வருஷம் 100 பவுண்டு தர ஒப்புக்கொண்டபின் கணக்குப் போடுகிறார்: அவள் சாப்பாடும் கைச்செலவும் கழிந்தால் தனக்கு நஷ்டம் வருஷத்துக்கு 10 பவுண்டுகூட வராது! எனக்கு நாவலிலேயே வலிக்கிற இடம் அதுதான்.

கேள்வி: அடுத்து எதைப் படிக்கலாம்?

பதில்: அதே ஆசிரியரின் 'பெர்சுவேஷன்'. இதில் வரும் அப்பா சர் வால்டர் எலியட் கடனில் மூழ்கும்போது, மூத்த மகள் சொல்லும் சிக்கன யோசனைகளில் ஒன்று, தங்கை ஆனுக்கு வருஷா வருஷம் லண்டனிலிருந்து வாங்கிவரும் பரிசை நிறுத்துவது. முதல் அத்தியாயத்திலேயே வருகிறது, தவறவிடாதீர்கள். கடைசியில் ஆனின் திருமணத்தின்போது, அவளுக்குச் சேரவேண்டிய 10,000 பவுண்டில் சிறு பகுதியைத்தான் அவரால் தரமுடிகிறது.

பிறகு டிக்கன்ஸின் 'டோம்பி அண்ட் சன்' (1848). வணிகக் குடும்பக் கதை என்பதால் நம் பக்கத்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். மகள் ஃப்ளாரன்ஸ், அப்பா டோம்பிக்கு முதல் போட முடியாத செல்லாக்காசு. தடிமனான நாவல், மகன் பாலின் மரணம் வரையாவது விடாமல் படியுங்கள்.