லினோலிக் அமிலம் இல்லாவிட்டால் தோல் ஏன் உரிகிறது? கிரீமில் உள்ள எத்தில் லினோலியேட்டும் அதுதானா?

லினோலிக் அமிலம் என்பது எண்ணெய்களில் உள்ள ஒரு கொழுப்பு அமிலம். இந்தக் கேள்விக்கு எலிகளிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி கொடுத்துப் பார்த்து, 1929-இல் முடிவை வெளியிட்டார்கள். வைட்டமின்களில் குறை வைக்கவில்லை. ஆனாலும் எலிகள் வளரவில்லை. வால் செதில் செதிலானது. தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தன. லினோலிக் அமிலம் கொடுத்ததும் தேறின.

அந்தத் தாகத்தைப் பற்றி வகுப்பில் சொல்லாமல் நான் நகர்வதே இல்லை. எலிகளின் தோல் வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. நம் மேல்தோலில் செராமைடு என்ற கொழுப்பின் நுனியில் லினோலிக் அமிலம் எஸ்டராக, அதாவது அமிலமும் ஆல்கஹாலும் சேரும் பிணைப்பாக, பிணைந்திருக்கிறது. செல்களுக்கு நடுவே சாந்து பூசியதுபோல ஈரத்தைத் தடுத்து நிற்பது இந்தக் கொழுப்புதான். லினோலிக் கிடைக்காதபோது உடல் அந்த இடத்தில் ஒலியிக் அமிலத்தைச் சேர்க்கிறது. அது பொருந்துவதில்லை, தடுப்பு ஒழுகுகிறது. ஒலியிக் நம் உடலே செய்துகொள்வது. அதில் 12-வது கார்பனில் இன்னொரு இரட்டைப் பிணைப்பு போட்டால் லினோலிக். அதைப் போடும் நொதி செடிகளிடம் உண்டு, நம்மிடம் இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் ஒரு சொட்டு நல்லெண்ணெயை மெத்தனால், அமிலத்தோடு சூடாக்கி, ஹெக்சேன் விட்டுக் குலுக்கி வைப்பார்கள். மேலே தெளிந்து நிற்கும் அடுக்கில், லினோலிக் மெத்தனாலோடு சேர்ந்த எஸ்டரான மெத்தில் லினோலியேட் இருக்கும். கலவையைப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு மேடாக வரைந்து காட்டும் கருவியில் அதைச் செலுத்தினால் ஒலியிக்கும் லினோலிக்கும் பக்கத்துப் பக்கத்தில் ஏறக்குறைய ஒரே உயரத்தில் எழும். தேங்காய் எண்ணெயில் லினோலிக் சின்ன மேடுதான். அதைப் பார்த்த பிறகு எல்லா எண்ணெயும் ஒன்று என்று யாரும் சொல்வதில்லை.

சரி, கிரீம். எத்தில் லினோலியேட்டும் எஸ்டர்தான், ஆனால் செராமைடுக்குப் பதில் எத்தனாலோடு சேர்ந்தது. தோலிலுள்ள நொதிகள் அதை உடைத்து அமிலத்தை விடுவிக்கும். வங்கதேசத் தலைநகர் டாக்காவின் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியபோது இரத்தத் தொற்று குறைந்ததாக 2005-இல் வெளியான ஆய்வு சொன்னது. அந்த எண்ணெயில் லினோலிக் மிகுதி. வீட்டில் குறைமாதக் குழந்தை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தடவாதீர்கள்.

பெரியவர்களுக்கு ஒரு நாளின் கலோரியில் 1 முதல் 2 சதவீதம் லினோலிக்கிலிருந்து வந்தாலே குறைபாடு வராது. இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் ஏறக்குறைய அவ்வளவு கிடைத்துவிடும்.